சம்பந்தப்பட்டவருக்கு ஒரு நகல்

போன மாதம் நான் வேலை பார்த்த நகராட்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவளாம். வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்காக இப்போது ஒரே கட்டடத்தில் டாக்டர், போலீஸ், வக்கீல், தங்குமிடம் எல்லாம் வைக்கிறார்களாம். அதற்கு நகராட்சி தரவேண்டிய பங்குக்காகக் கோப்பு தயார் செய்கிறாளாம். "உங்க காலத்துல இந்த மாதிரி எதுவுமே இருந்திருக்காது இல்ல மேடம், பாவம்?" என்றாள்.

அந்தப் 'பாவம்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. "ஏன் இல்ல? இருந்துச்சு. உன்னோடது மாதிரி கட்டடம் இல்ல, ஒரே ஒரு ரூம். அந்த ரூமுக்கு பட்ஜெட்ல பணம் வாங்குன ஃபைலைப் போட்டவளே நான்தான்" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அவள் பயந்துபோய், "அப்போ எழுதிக் குடுங்க மேடம், வெச்சுக்கிறேன்" என்றாள்.

எழுத உட்கார்ந்த பிறகு தெரிகிறது, நான் செய்த நல்லதைவிட நான் செய்த தப்புதான் அவளுக்கு உதவும் என்று. எனவே பூசி மெழுகாமல் எழுதுகிறேன். ஊர் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். ஆம்பூரில் பஸ் ஏறி, உட்கார இடம் பிடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். அவ்வளவு பக்கம்.

நான் வேலூர்க்காரி. எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் ஹையர், சர்வீஸ் கமிஷன் பரீட்சை, ஒரு நாள் தபாலில் ஆர்டர். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு டைப் அடித்தேன். நான்காவது மாதம் கைக்குட்டையை எங்கே வைத்தேன் என்றே மறந்துவிட்டது. வேலை கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

எங்கள் மேனேஜர் ஹபீபுல்லா சாரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மேல்விஷாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கமிஷனர்கள் வருவார்கள், போவார்கள். அலுவலகத்தை நடத்தியது அவர்தான். அவருக்கு இரண்டு ஜென்ம விரோதிகள். ஒன்று, தேவையில்லாத வார்த்தை. இன்னொன்று, மின்விசிறி.

காகிதம் பறக்கிறது என்று அவர் அறையில் ஃபேனைப் போடவே விட மாட்டார். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதத்தில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு, நெற்றியில் வியர்வை வழிய, நாம் வைத்த குறிப்பை விரலை ஓட்டிப் படிப்பார். "அம்மா, இதுல நாலு வார்த்தை ஜாஸ்தி" என்று சிவப்பு மையால் நான்கையும் அடிப்பார். வாக்கியம் அப்படியே நிற்கும். எரிச்சலாக வரும். மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தால், அந்த நான்கு வார்த்தையும் தண்டம் என்று நமக்கே தெரியும்.

அவர் திட்டவே மாட்டார். தப்பாகக் கோப்பு போனால் ஓரத்தில் ஒரே சொல் எழுதுவார்: 'பேசவும்.'  அந்த அடுப்புக்குள் போய் உட்கார்ந்து அவருடன் பேச வேண்டுமே! மெமோ கொடுத்திருந்தால்கூடப் பதில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

ஒரு நாள் அந்த 'பேசவும்' எனக்கு வரவில்லை, கமலாம்மாவுக்கு வந்தது. கமலாம்மா நகராட்சி மகப்பேறு நிலையத்தின் நர்ஸ். ஊரில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவர். கவுன்சிலராக இருந்தாலும், "டேய், உன்னைக் காலைப் புடிச்சுத் தூக்கினவ நானு" என்பார். அவர் தையல் நூலும் டிங்க்சரும் கேட்டு அனுப்பிய பட்டியல் என் மேஜை வழியாகத்தான் மேனேஜருக்குப் போனது. பிரசவக் கணக்கைப் பார்த்தால் அவ்வளவு நூல் எதற்கு என்று சாருக்குச் சந்தேகம்.

கமலாம்மா வந்தார். நானும் பட்டியலோடு நின்றேன்.

"நர்ஸம்மா, நூல் ஜாஸ்தியா போகுதே?" என்றார் சார்.

"போகும் சார். நான் பிரசவத்துக்கு மட்டுமா தைக்கிறேன்? ஒதடு கிழிஞ்சு வருதுங்க, புருவம் கிழிஞ்சு வருதுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போனா போலீஸுக்கு எழுதுவாங்கன்னு பயந்துக்கினு எங்கிட்ட வருதுங்க. வூட்ல கதவு இடிச்சுதுன்னு சொல்லும். எந்தக் கதவுய்யா புருவத்துல வந்து இடிக்கும்?"

சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் தையல் போட்டு அனுப்புறேன். போக வேற எடம் இல்ல, அதே வூட்டுக்குத்தான் போவுது. பத்து நாள்ல அதே தையல் பிரிஞ்சு திரும்பி வருது. நூலு முனிசிபாலிட்டி நூலுதானே? ஒரே காயத்துக்கு எத்தினி தடவை நூல் குடுப்பீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

சார் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு பட்டியலில் 'அனுமதிக்கலாம்' என்று எழுதிவிட்டு, என்னைப் பார்த்து, "நர்ஸம்மா சொன்னதை அப்டியே ஒரு குறிப்பா வை" என்றார். நான் மூன்று பக்கம் எழுதினேன். அவர் வெட்டி ஒரு பக்கமாக்கினார். மகப்பேறு நிலையத்துக்குப் பின்னால் ஆயாவுக்காகக் கட்டின ஒற்றை அறை காலியாகக் கிடந்தது. அதைச் சரிசெய்து, அடிபட்ட பெண்கள் பத்து நாள் வரை தங்கலாம்; சாப்பாடு, ரிக்‌ஷா, டாக்டர் சான்றிதழ் இவற்றுக்குப் பொது சுகாதாரத் தலைப்பில் ஆண்டுதோறும் ஒரு தொகை. தொகையைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பீர்கள்.

தனி அலுவலர் காலம் முடிந்து, வெகு வருஷத்துக்குப் பிறகு தேர்தல் நடந்து கவுன்சில் வந்திருந்த நேரம் அது. எங்கள் குறிப்பு தீர்மானப் பொருளாகக் கூட்டத்துக்குப் போனது. நான் படித்து முடிப்பதற்குள் ஒரு கவுன்சிலர் எழுந்துவிட்டார். "புருசன் பொண்டாட்டி சண்டைக்கு முனிசிபாலிட்டி காசா? நாளைக்கு என் வூட்டுக்காரி கோச்சுக்கினு அங்க போய்ப் படுத்துக்கினா எனக்குச் சோறு யாரு ஆக்கறது?" கூட்டமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மேனேஜர் பார்வையைக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை.

அப்போது கடைசி வரிசையில் தோல் மண்டி வைத்திருந்த வயதான கவுன்சிலர் ஒருவர் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசியே யாரும் பார்த்ததில்லை. "என் தங்கச்சி போயிருப்பா" என்றார். "போறதுக்கு அன்னிக்கு ஒரு எடம் இல்ல." அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். அந்தத் தங்கைக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏகமனதா நிறைவேற்றப்பட்டதுன்னு எழுதிக்கம்மா" என்றார்.

பணம் வந்தால் மட்டும் போதுமா? அடிபட்டு வருகிறவள் நர்ஸிடம் ஒரு தடவை கதையைச் சொல்ல வேண்டும், போலீஸில் ஒரு தடவை, வேலை செய்யும் கம்பெனியில் ஒரு தடவை, எங்களிடம் ஒரு தடவை. நான்காவது தடவை சொல்லும்போது அவளுக்கே அது பொய் மாதிரி ஆகிவிடும் என்பார் கமலாம்மா. சார் ஒரு வழி கண்டுபிடித்தார். கால் தாளில் ஒரு சீட்டு, இடையில் கார்பன் வைத்து நான்கு படி. கமலாம்மா மட்டும் கேட்டு எழுதுவார். ஒன்று அவருக்கு, ஒன்று ஸ்டேஷனில் ஏட்டு முனுசாமிக்கு, ஒன்று எங்களுக்கு. கம்பெனிக்குப் போகிற படியில் காயத்தை எழுதிய பாதியைக் கிழித்துவிட்டு, 'உடல்நிலை சரியில்லை, விடுப்பு தரவும்' என்று மட்டும். பெயர், கணவர் பெயர், விலாசம், காயம். கடைசியாக ஒரு கட்டம் சாரே சேர்த்தார்: 'என்ன வேண்டும்?'

அறைக்குத் தச்சன் தாழ்ப்பாள் வைத்தபோது சார் நேரில் வந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். வெளியே நின்று என்னைத் தள்ளச் சொன்னார். "நல்லா தள்ளும்மா, கோவமா தள்ளு" என்றார். நான் அன்றைக்குத் தள்ளிய தள்ளு எனக்கே ஆச்சரியம்! கதவு அசையவில்லை. அந்த அறை எங்கே இருக்கிறது என்று வெளியில் மூச்சு விடக் கூடாது என்று சார், கமலாம்மா, ஏட்டு, நான், நான்கு பேரும் பேசிக்கொண்டோம். கவுன்சில் தீர்மானத்திலும் 'நகராட்சி அறை ஒன்று' என்றுதான் இருந்தது.

நன்றாகத்தான் நடந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு கேள்வி போட்டார்கள்: ஒவ்வொருவர் தங்கியதற்கும் தனித்தனி ஆணை எங்கே? நியாயமான கேள்விதான். இனிமேல் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆணை என்று நான் ஒரு படிவம் தயார் செய்து, படி எடுக்க ஸ்டென்சில் வெட்டினேன். பெயரையும் தேதியையும் நிரப்பினால் போதும். என் சாமர்த்தியத்தைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் படிவத்தில் முதலில் ஏறிய பெயர் மல்லிகா.

மல்லிகா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. புருஷன் ஏகாம்பரம் ஒரு ஷெட்டில் மேஸ்திரி. குடி கிடையாது, பீடி கிடையாது, வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷன் என்று தெருவே சொல்லும். அடுப்பு ஊதும் குழலால் அவள் தலையில் அடித்திருந்தான். காதுக்கு மேலே கமலாம்மா ஆறு தையல் போட்டார். சீட்டில் 'என்ன வேண்டும்' என்ற இடத்தில், 'கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். கேஸ் கொடுக்கிறாயா என்று ஏட்டு கேட்டதற்கு, "மொதல்ல தூங்கறேன் ஏட்டய்யா, அப்புறம் சொல்றேன்" என்றாளாம்.

நான் படிவத்தில் பெயரையும் தேதியையும் டைப் அடித்தேன். 'திருமதி மல்லிகா, க/பெ. ஏகாம்பரம், மகப்பேறு நிலையத்தின் பின்புறமுள்ள அறையில் பத்து நாட்கள் தங்க அனுமதிக்கப்படுகிறார்.' கீழே வழக்கம்போல நகல்கள். ஒன்று, செவிலியர். இரண்டு, காவல் நிலையம். மூன்று, கணக்குப் பிரிவு. நான்கு, சம்பந்தப்பட்டவர்.

சம்பந்தப்பட்டவருக்கு நகல் போகாத ஆணை செல்லாது என்பது நாங்கள் தூக்கத்திலும் சொல்லும் பாடம். விலாசம்? அதுதான் சீட்டிலேயே இருக்கிறதே. உறையில் எழுதி, ஒட்டி, தபால் புத்தகத்தில் பதிந்து, பியூன் டில்லியிடம் கொடுத்தேன். டில்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை பத்தரை மணி. வேறு எதற்கோ தபால் புத்தகத்தைப் புரட்டினேன். மல்லிகா பெயருக்கு நேரே கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 'பெற்றுக்கொண்டேன். ஏகாம்பரம்.'

ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! அவளை எவனிடமிருந்து ஒளித்து வைத்தோமோ, அவன் கையிலேயே நகராட்சி முத்திரை போட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். "டில்லி, யார்கிட்டடா குடுத்த?" என்று கத்தினேன். "வூட்டுக்காரருகிட்டதாங்க்கா. எப்பவும் அப்டித்தானே குடுக்கறோம்?" என்றான் அவன். உண்மைதான். அவன்மேல் என்ன தப்பு? நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். அலுவலகத்திலிருந்து மகப்பேறு நிலையம் இரண்டு தெரு. அந்த இரண்டு தெருவிலும் நான் வேண்டாத தெய்வம் இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண், அன்றைக்கு வழியிலிருந்த மாரியம்மனையும் விடவில்லை.

வராந்தா பெஞ்சில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை. மடியில் தட்டு, தட்டில் பூ, வாழைப்பழம், குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை. கையில் என் ஆணை. பிரசவ அறைக் கதவை மறித்துக்கொண்டு கமலாம்மா நின்றார். "உள்ள பிரசவம் நடக்குது, ஆம்பிளைங்க யாரும் வரக் கூடாது, போர்டுல எழுதிக்கீது பாரு" என்று அவனிடம் எத்தனையாவது தடவையாகவோ சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே பிரசவமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனைக் கண்டதும் பின்னறையிலிருந்து கமலாம்மா கொண்டுவந்து விட்ட மல்லிகாவும் குழந்தையும்தான் இருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து கும்பிட்டான். "மேடம், முனிசிபாலிட்டி மேடம்தானே? ரொம்ப நன்றிங்க. ரெண்டு நாளா எங்க போனாளோன்னு பேஜாராப் போச்சு. பொறுப்பா லெட்டர் போட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

என் ஆயுளில் எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நன்றி மாதிரி எதுவும் வலித்ததில்லை.  கமலாம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஜெயமணி, இன்னாடி இது?" என்று மட்டும் கேட்டார். என் பின்னாலேயே ஓடிவந்திருந்த டில்லியை, "போய் சாரைக் கூட்டிட்டு வா" என்று துரத்தினேன்.

சார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். அவசரமே படவில்லை. நேராகப் போய் ஏகாம்பரத்தின் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உக்காருங்க மேஸ்திரி. ஆர்டரைக் கொஞ்சம் காட்டுங்க." வாங்கி, முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிப் படித்தார். "இது தங்கறதுக்கு ஆர்டர். அனுப்பி வைக்கறதுக்கு ஆர்டர் இல்லியே."

"அதுக்கு இன்னா சார் பண்ணணும்?"

"மனு எழுதணும்."

எங்கள் பக்கத்தில் மனு என்றால் ஒரு மரியாதை. பட்டாவுக்கு மனு, குழாய்க்கு மனு, ரேஷன் கார்டுக்கு மனு. மனு எழுதாமல் ஒன்றும் நகராது, எழுதினால் நகரும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. இன்னொரு நம்பிக்கையும் உண்டு: மனுவில் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னால் அதிகாரி மனம் இரங்குவார். ஏகாம்பரத்துக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது. எட்டாவது வரை படித்தவன். கையெழுத்து அழகு என்று அவனுக்கே தெரியும்.

டில்லி வெள்ளைத் தாள் கொண்டுவந்தான். சார் தன் பேனாவையே கொடுத்தார். "மூணு விஷயம் இருக்கணும் மேஸ்திரி. அவங்க ஏன் இங்க வந்தாங்க. நீங்க ஏன் கூட்டிட்டுப் போகக் கேக்கறீங்க. இனிமே எப்படி நடந்துக்குவீங்க. ஒண்ணு கம்மி ஆனாலும் என்னால எடுத்துக்க முடியாது."

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் தாளை வைத்துக் குனிந்து எழுதினான். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். உள்ளே குழந்தை ஒரு தடவை சிணுங்கியது; உடனே அடங்கியது. ஒன்றரைப் பக்கம் எழுதினான். இன்றைக்கும் எனக்கு அதில் பாதி மனப்பாடம். சோறு குழைந்துபோன கோபத்தில் ஊதுகுழலால் தலையில் இரண்டு அடி அடித்ததையும், ரத்தம் வந்ததையும், அதற்கு முந்தின வாரம் கதவோரம் தள்ளியதில் உதடு கிழிந்ததையும் தேதி போட்டு எழுதியிருந்தான். கடைசி வரி இது: 'இனி என் மனைவியைத் தேவைக்கு மேல் அடிக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.'

சார் படித்தார். மெதுவாகப் படித்தார். அவர் வாழ்நாளில் ஒரு வார்த்தைகூட வெட்டாத காகிதம் அது ஒன்றுதான். "கையெழுத்து போடுங்க. தேதி போடுங்க" என்றார். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

"எப்ப சார் வரட்டும்?"

"நீங்க வர வேணாம். பதில் வீட்டுக்கு வரும்."

அவன் தட்டை எங்களிடமே விட்டுவிட்டு, சீட்டைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனான். மத்தியானம் பதில் போனது. ஏட்டு முனுசாமிதான் கொண்டுபோனார். பெண்டாட்டியைக் கொடுமைப்படுத்துகிறவனை உள்ளே தள்ளப் புதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது, அதை அந்த ஸ்டேஷனில் யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "சாட்சி இல்லன்னு இன்ஸ்பெக்டர் தூக்கிப் போட்டுடுவாரோன்னு பாத்தேன் சார். இங்க அவனே சாட்சி சொல்லிக்கீறான்!" என்று ஏட்டு அந்த மனுவைத் திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கமலாம்மா அந்தக் கதவில் நிற்காமல், குளிக்கவோ சாப்பிடவோ போயிருந்தால்? அவன் பூத்தட்டு இல்லாமல், கோபத்தோடு முந்தின நாள் சாயங்காலமே வந்திருந்தால்?

அன்றைக்கு மாலை நானே விளக்கம் எழுதிக் கோப்பில் வைத்தேன். என் கவனக்குறைவு, எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன் என்று. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில், 'பேசவும்.'

போனேன். அந்தப் புழுக்கத்தில் எதிரே உட்கார்ந்தேன்.

"நாலாவது நகல் நீ போட்ட. கீழ கையெழுத்து யாரு போட்டது?" என்றார்.

"நீங்க சார்."

"ஊர்ல எல்லார் பேப்பர்லயும் வார்த்தை ஜாஸ்தின்னு வெட்டறவன். அன்னிக்கு ஒரு வார்த்தை ஜாஸ்தியா இருந்துச்சு, நான் பாக்கல. நாப்பது பேப்பரோட அதையும் சேத்துப் போட்டுட்டேன்." என் விளக்கத்தை நான்காகக் கிழித்தார். "அந்தப் பொண்ணுகிட்ட நீ போய்ச் சொல்லும்மா. நானும் வர்றேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்க அடக்க வந்தது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்துபோய் ஃபேனைப் போட்டார். மேஜையில் இருந்த காகிதமெல்லாம் அறை முழுக்கப் பறந்தது. இரண்டு பேரும் தரையில் குனிந்து பொறுக்கினோம். "பாத்தியா, இதுக்குத்தான் போடறதில்ல" என்றார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போனபோது மல்லிகா கட்டிலில் உட்கார்ந்து குழந்தைக்கு அவன் கொண்டுவந்த வாழைப்பழத்தையே உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். "மல்லிகா, அவனுக்கு இந்த இடத்தைச் சொன்னது நான்தான். உனக்கு அனுப்ப வேண்டியதை அந்த வீட்டுக்கு அனுப்பிட்டேன். என் தப்புதான்." சார், "எங்க தப்பு" என்று திருத்தினார்.

அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் வேறு ஒன்று கேட்டாள். "எம் பேருக்கா லெட்டர் வந்துச்சு?"

"ஆமாம்."

"எம் பேருக்கு இதுக்கு முன்ன லெட்டரே வந்தது இல்லக்கா. வந்த ஒண்ணையும் அவரே வாங்கிக்கினாரு." கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு இன்னொண்ணு குடுப்பீங்களா சார்?"

"குடுக்கறோம்மா. அதை ரத்து பண்ணிட்டு புதுசு போடறோம். இடமும் மாத்திடலாம்" என்றார் சார். கமலாம்மா தன் வீட்டு மாடியைக் கொடுப்பதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

"அதுல அவரு பேரு இல்லாம எழுத முடியுங்களா?"

நான் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிட்டேன். "க/பெ. போடாம முடியாது மல்லிகா. கல்யாணமாகலைன்னா தகப்பன் பேரு, ஆயிட்டா புருஷன் பேரு. இல்லைன்னா எந்த மல்லிகான்னு எப்படித் தெரியும்?"

"கம்பெனில தெரியுதே. டோக்கன் நம்பர் சொன்னா போதும். அங்க நாலு மல்லிகா இருக்கறோம், சம்பளக் கவர் ஒரு நாளும் மாறினது இல்ல."

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். "டோக்கன் நம்பர் இன்னாம்மா?" என்று பேனாவைத் திறந்தார். அவள் மூச்சு விடாமல் சொன்னாள். அனுப்ப வேண்டிய விலாசம்? நகராட்சி அலுவலகம். அவளே வந்து வாங்கிக்கொள்வாள்.

அந்த அறைக்கு அப்புறம் வேறு இடம் பார்த்து, மேலும் சில வருஷம் நடத்தினோம். ஒரு வருஷம் பணத்தைக் குறைத்தார்கள், அடுத்த வருஷம் அந்த மண்டிக்கார கவுன்சிலர் சண்டை போட்டுத் திரும்ப வாங்கினார். ஏகாம்பரத்தின் வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் பெரியவர்கள் எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் பிரித்துவிட்டார்கள். மல்லிகா அவனிடம் திரும்பிப் போகவில்லை. நாட்றம்பள்ளியில் இருந்த அக்காவுடன் சேர்ந்து வீடு எடுத்தாள். போன் செய்த அந்தப் பெண்ணுக்குச் சொல்லிவிடுகிறேன், இத்தனையையும் நாங்கள் சாமர்த்தியமாகச் செய்தோம் என்று நினைத்துவிடாதே. அன்று எங்களுக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அதெல்லாம் பிறகு. நாங்கள் போய்ச் சொன்னதற்கு மறுநாள், எங்கள் சாப்பாட்டு இடைவேளையில், மல்லிகா தன் ஆணையை வாங்க வந்தாள். தலையில் கட்டு தெரியாமல் முந்தானையை இழுத்து விட்டிருந்தாள். டில்லி தபால் புத்தகத்தை அவளுக்கு முன்னால் விரித்து வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மரியாதையாகக் காட்டினான். நிதானமாகப் போட்டாள். உறையைக் கிழிக்காமல் ஓரமாகப் பிரித்தாள். கவுன்டர் ஓரத்திலேயே நின்று, முதல் எழுத்திலிருந்து கீழே முத்திரை வரைக்கும் உதட்டை அசைத்துப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, இந்த நாலாவது நகல், சம்பந்தப்பட்டவர்னு போட்டிருக்கே, அது நானா?"

"நீதான் மல்லிகா."

"மொத்தமும் என்னப் பத்தித்தானே எழுதியிருக்கு. அப்புறம் ஏன் மூணு பேருக்கு அப்புறம் நானு?"

 எத்தனை வருஷமாக அந்த வரிசையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்! கையை நீட்டி அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். டைப்ரைட்டரில் புதுத் தாளைச் சொருகினேன். அவள் கவுன்டரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முழு ஆணையையும் மறுபடி அடித்து, கடைசியில் 'நகல்: 1' என்று அடித்து, அதற்கு நேரே அவள் பெயரை அடித்தேன்.